போன் தொலைஞ்சா போட்டோ இருக்கும்... அப்பாவோட பட்டறை கம்ப்யூட்டர் போனா?

ஒரு சின்னக் கேள்வி. இப்போ நீங்க இதைப் படிச்சிட்டிருக்கிற போன் பஸ்ஸில் தொலைஞ்சுபோச்சுன்னு வெச்சுக்குங்க. என்ன ஆகும்? ரெண்டு நாள் சோறு இறங்காது. மிச்சமிருக்கிற இ.எம்.ஐ-யை நினைச்சு இன்னும் ரெண்டு நாள் தூக்கம் வராது. அப்புறம் புது போனில் மெயில் ஐடியைப் போட்டதும் போட்டோ, கான்டாக்ட், ஸ்கூல் ஃபேர்வெல் வீடியோ எல்லாம் வரிசையா வந்து உட்கார்ந்துடும்.

இப்போ ரெண்டாவது கேள்வி. உங்க வீட்டில் யாராவது பட்டறை, கடை, ஹோல்சேல், சின்ன கம்பெனி ஏதாவது நடத்துறாங்களா? அங்கே மேஜைக்கு அடியில், தூசி படிஞ்சு, ஒரு சிபியு இருக்கும். மேலே சாமி படம், பக்கத்தில் யுபிஎஸ். அது நாளைக்குக் காலையில் ஆன் ஆகலைன்னா என்ன ஆகும்?

என் மாமாவுக்கு அது நடந்தது. மதுக்கரையில், பாலக்காடு ரோட்டை ஒட்டி, பம்ப் கம்பெனிகளுக்கு உதிரிப் பாகம் கடைஞ்சு கொடுக்கிற சின்னப் பட்டறை அவருடையது. மூணு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஆறு பேர். கோயம்புத்தூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்த மாதிரி பட்டறையைப் பத்தி விளக்கவே வேண்டாம், தெருவுக்கு ரெண்டு இருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு மார்ச் மாசம், அதாவது கணக்கு முடிக்கிற மாசம், காலையில் எனக்கு போன். ``கண்ணு, இந்தப் பொட்டி தொறக்க மாட்டீங்குது. நீதான் பேப்பர்ல கம்ப்யூட்டரைப் பத்தியெல்லாம் எழுதுறியே, கொஞ்சம் வந்து பாரேன்.''

போய்ப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டிருந்தது. பேக்அப் இருக்கான்னு கேட்டேன். ``இருக்குதே''ன்னு பெருமையா டிராயரைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். அதில் கடைசியாக் காப்பி எடுத்தது தீபாவளிக்கு முந்தின வாரம்.

நானும் அத்தை மகளும் உட்கார்ந்து, பில் புக், டெலிவரி சலான், வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ என எல்லாத்தையும் கிளறி, பதினோரு நாளில் கணக்கைத் திரும்பக் கட்டினோம். ஆடிட்டர் திட்டினார். ஆனா கணக்கு வந்துடுச்சு. வராமல்போனது வேற ஒண்ணு. எந்தப் பாகத்தை, எந்த டிராயிங்குக்கு, யாருக்கு, என்ன ரேட்டில் செஞ்சோம், அதில் எத்தனை பீஸ் வேஸ்ட் ஆச்சு என்று மாமா ஏழெட்டு வருஷமா ஒரு எக்செல் ஷீட்டில் தட்டிவெச்சிருந்த குறிப்பு. அது அந்த ஒரு கம்ப்யூட்டரைத் தவிர வேற எங்கேயும் இல்லை. அடுத்த மாசம் ஒரு பழைய கஸ்டமருக்கு ஞாபகத்தில் இருந்து கொட்டேஷன் கொடுத்தார். மெட்டீரியல் வாங்கி வேலை தொடங்கின அப்புறம்தான், கையைக் கடிக்கிற ரேட் கொடுத்திருக்கோம்னு தெரிஞ்சது. அந்த ஆர்டரை நஷ்டத்தில்தான் முடிச்சுக் கொடுத்தார். ``வாக்குக் கொடுத்தாச்சு, இனி ரேட்டை மாத்துறது நல்லாருக்காது கண்ணு'' என்றார்.

`கிளவுட் கம்ப்யூட்டிங்' என்றதும் பெரிய ஐடி பார்க் சமாசாரம் என நினைக்கிறோம். ஆனால், அதனால் உண்மையில் அதிகம் லாபம் அடையக்கூடியவர் என் மாமா மாதிரி ஆட்கள்தான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். கூடவே, இதை விற்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுவதையும் சொல்கிறேன்.

பைக்காரா வந்த கதை

கிளவுட் என்றால் வானத்தில் எதுவும் இல்லை. வேறு ஒருவருடைய கட்டடத்தில், வேறு ஒருவருடைய கம்ப்யூட்டரில், உங்களுக்குத் தேவையான இடத்தையும் வேகத்தையும் சாஃப்ட்வேரையும் வாடகைக்கு எடுப்பது. அமேசான் 2006-ல் இதை ஒரு வியாபாரமாகத் தொடங்கியது. அப்புறம் மைக்ரோசாஃப்ட், கூகுள் எல்லாம் வந்தன. ``டேட்டா அமெரிக்காவுக்குப் போயிடுமே'' என்று இப்போதும் கேட்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னை, புனே, மும்பையில் டேட்டா சென்டர் திறந்துவிட்டது. அமேசான் 2016-ல் மும்பைக்கும் 2022-ல் ஹைதராபாத்துக்கும் வந்தது.

இதைப் புரிந்துகொள்ள கோவைக்காரர்களுக்கு ஒரு சொந்தக் கதையே இருக்கிறது. இந்த ஊரின் ஆரம்பகால மில்கள் நீராவி எஞ்சினை நம்பி ஓடியவை. எஞ்சின் வாங்கப் பணம் இருந்தவர்தான் மில் வைக்க முடியும். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியில் இருந்து பைக்காரா மின்சாரம் இறங்கியது. அதன்பிறகு மில்கள் மளமளவெனப் பெருகின. மதுக்கரை சிமென்ட் ஆலையும் அதே பத்தாண்டில் வந்ததுதான். ஆனால், பெரிய மாற்றம் மில்களில் மட்டும் நடக்கவில்லை. சொந்தமாக எஞ்சின் வைக்கவே முடியாத விவசாயி கிணற்றில் மோட்டார் போட்டார். மோட்டாரையும் பம்பையும் ரிப்பேர் பார்க்க பட்டறைகள் வந்தன. பட்டறைக்காரர்களே மோட்டார் செய்ய ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இந்தியா முழுக்கப் போகும் கோவை பம்பின் கதை அப்படித்தான் தொடங்கியது.

மின்சாரம் பெரியவர்களின் செலவைக் குறைத்தது உண்மை. அதைவிட, சின்ன ஆள் களத்தில் இறங்கவே வழி செய்தது. கிளவுடும் அப்படித்தான்.

ஒரு உதாரணம், அதே ஊரில் இருந்தே. போன வருஷத் தொடக்கமோ எப்பவோ, ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய்க்கும் மேல போனஸ் கொடுத்த கோவை கம்பெனி என்று ஒரு செய்தி உங்கள் ஃபீடில் ஓடியிருக்குமே? 2025 தொடக்கத்தில் வைரலான அந்த நிறுவனம் `கோவை டாட் கோ'. சரவணகுமார் 2011-ல் தொடங்கியது. `டாக்குமென்ட்360' மாதிரியான சாஃப்ட்வேர்களை கிளவுட் வழியாக உலகம் முழுக்க இருக்கும் நிறுவனங்களுக்கு மாதச் சந்தாவில் கொடுக்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாஃப்ட்வேரை அமெரிக்காவில் இருக்கிற கம்பெனிக்கு விற்க வேண்டும் என்றால், அங்கே ஆள் வேண்டும், அவர்கள் சர்வரில் போய் இன்ஸ்டால் செய்ய வேண்டும். இப்போது கோவையில் இருந்தே முடிகிறது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான் சாத்தியம். சர்வர் எங்கே இருக்கிறது என்பதும், வேலை செய்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதும் தனித்தனி விஷயமாகிவிட்டன.

நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்

சரி, சாஃப்ட்வேர் கம்பெனி வேற, லேத் பட்டறை வேற என்கிறீர்களா? மாமாவும் அதைத்தான் சொன்னார். ``நமக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்? இரும்பைக் கடையறோம், காசை வாங்கறோம்.''

ஆனால் அவர் ஏற்கெனவே பாதி கிளவுடில்தான் இருக்கிறார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆன்லைனில் போகிறது. மதுக்கரையில் இருந்து வாளையார் தாண்டினால் கேரளா. கஞ்சிக்கோட்டில் இருக்கும் கம்பெனி ஜாப் ஒர்க்குக்கு இங்கே பொருளை அனுப்பினால், மாநிலம் விட்டு மாநிலம் வருவதால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் வேண்டும். மாமாவிடம் வேலை வாங்கும் பம்ப் கம்பெனியின் வருட விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டினால், 2023 ஆகஸ்ட் 1 முதல் அவர்கள் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில் எல்லாம் இ-இன்வாய்ஸ்தான். அரசு போர்ட்டலில் ஏற்றி, எண்ணும் க்யூஆர் கோடும் வாங்கின பிறகுதான் அது பில்லாகவே கணக்கில் வரும். இந்த விதி 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் இருந்தவர்களுக்கு என ஆரம்பித்தது. 100, 50, 20, 10 எனப் படிப்படியாக இறங்கி 5 கோடியில் நிற்கிறது. எந்தத் திசையில் போகிறது என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருஷத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்களுக்குக் கணக்கு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். ஆறு வருஷம்! மேஜைக்கு அடியில் தூசி தின்கிற ஒரு சிபியுவை நம்பி ஆறு வருஷம் தூங்குவதற்கு நிறைய தைரியம் வேண்டும்.

உங்கள் வீட்டு கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்றால் விதி இன்னும் கறார். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கில் யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடம் அழியாமல் பதிவாகும் சாஃப்ட்வேரைத்தான் பயன்படுத்த வேண்டும். எலெக்ட்ரானிக் கணக்குப் புத்தகங்களின் பேக்அப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். மாமாவுடையது தனிநபர் நிறுவனம் என்பதால் இந்த விதி அவருக்குப் பொருந்தாது. ஆனால் ``தினமும் பேக்அப்'' என்பதை மட்டுமாவது அவர் கடைப்பிடித்திருந்தால், எனக்குப் பதினோரு நாள் லீவு மிச்சமாகியிருக்கும்.

மலிவா? கணக்குப் போட்டுப் பாருங்கள்

கிளவுட் விற்க வருகிறவர்கள் முதலில் சொல்வது ``சார், செலவு குறையும்''. இதை நான் அப்படியே நம்பமாட்டேன். ஒரு பேச்சுக்கு, ஆளுக்கு மாசம் 500 ரூபாய் என்று ஒரு கணக்கு சாஃப்ட்வேர் சந்தா வைத்துக்கொள்வோம். மூன்று பேர். மாசம் 1,500, வருஷம் 18,000, ஐந்து வருஷத்தில் 90,000. அதன்மேல் 18 சதவிகித ஜிஎஸ்டி சேர்த்தால் 1,06,200. ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அது வேறு. ஒரு நல்ல கம்ப்யூட்டர், ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸ் என்று போனால், அதே ஐந்து வருஷத்துக்கு இதே அளவோ குறைவாகவோகூட முடிந்துவிடலாம். சந்தாவை நிறுத்தினால் கதவு மூடிக்கொள்ளும், வாங்கிய மெஷின் அப்படியில்லை.

செலவு நிஜமாகவே குறைகிற இடம் வேற. தீபாவளிக்கு முந்தின ரெண்டு வாரம் மட்டும் ஆன்லைன் ஆர்டர் பத்து மடங்கு ஏறுகிற ஒரு துணி வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரெண்டு வாரத்துக்காகப் பெரிய சர்வர் வாங்கி, மீதி ஐம்பது வாரம் அதற்கு ஏசி போட்டுப் பராமரிக்க முடியுமா? வாடகைக்கு எடுத்து, முடிந்ததும் விட்டுவிடலாம். கையில் முதலே இல்லாமல் ஒரு ஆப் ஆரம்பிக்கிற உங்களைப் போன்றவர்களுக்கும் இதுதான் லாபம். அதிலும் ஒரு எச்சரிக்கை: சோதனைக்கு என்று ஆன் செய்த சர்வரை அணைக்க மறந்தால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எவ்வளவு தாண்டினால் தகவல் வர வேண்டும் என்கிற பட்ஜெட் அலர்ட்டை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

மாமா மாதிரி ஆட்களுக்கு லாபம் ரூபாயில் தெரியாது. தகவல் சரியான ஆளிடம் சரியான நேரத்தில் இருப்பதில்தான் தெரியும். மதுக்கரைக்காரர்களுக்கு இது புதுசும் இல்லை. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவே தண்டவாளத்தைக் கடக்கும் யானைகள் ரயிலில் அடிபடாமல் இருக்க, 2024 பிப்ரவரியில் வனத்துறை இங்கே ஒரு செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. 12 டவர், 24 தெர்மல் கேமரா, மதிப்பு 7.24 கோடி ரூபாய். கேமரா காட்டில் இருக்கிறது, பார்ப்பவர் கட்டுப்பாட்டு அறையில், பிரேக் போடவேண்டியவர் ரயில் எஞ்சினில். யானை வந்தது அந்த டவருக்கு மட்டும் தெரிந்து என்ன பிரயோஜனம்? மாமாவின் ரேட் ஷீட்டும் அப்படித்தான். பட்டறை கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரிந்த ரேட், கஸ்டமர் ஆபீஸில் உட்கார்ந்து பேரம் பேசும் மாமாவுக்கு உதவாது.

ஜெனரேட்டரை வித்துடாதீங்க

இனி அந்த இன்னொரு பக்கம். 2012-ஐ கோவையில் தொழில் செய்த யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரன்ட் இருக்காது. லேத் எல்லாம் கும்பிட்டபடி நின்றன. அந்தச் சமயத்தில் பிழைத்தவர்கள் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள். மின்சாரத்தை வெளியில் வாங்கினாலும், அவசரத்துக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது இந்த ஊர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம்.

கிளவுடிலும் பவர் கட் உண்டு. 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் பங்கு வைத்திருக்கும் நயாரா எனர்ஜி, குஜராத்தில் பெரிய சுத்திகரிப்பு ஆலையும் நாடு முழுக்க பெட்ரோல் பங்க்குகளும் வைத்திருக்கும் கம்பெனி. ஐரோப்பிய ஒன்றியம் அதன்மேல் தடை விதித்தது. உடனே மைக்ரோசாஃப்ட் அதன் சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டியிருந்தார்கள். டேட்டா அவர்களுடையது. ஆனாலும், அவர்கள் மெயிலை அவர்களே திறக்க முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாள்களில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வக்கீல் வைக்க முடிந்தது. உங்கள் அப்பாவின் கடை அக்கவுன்ட் ஏதோ ஒரு தவறான புகாரால் முடங்கினால், சாட்பாட்டிடம்தான் மன்றாட வேண்டியிருக்கும்.

அதே வருஷம் செப்டம்பர் 26, தென் கொரியாவின் டேஜான் நகரம். அரசு டேட்டா சென்டரில் பேட்டரியில் பிடித்த தீ பரவி, நூற்றுக்கணக்கான அரசு சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்கிற அமைப்பு முழுசா எரிந்துபோனது. 858 டெராபைட். அதற்கு வெளியே பேக்அப் இல்லை, `அளவு ரொம்பப் பெருசு' என்று எடுக்காமல் விட்டிருந்தார்கள். உலகத்திலேயே டெக்னாலஜியில் முன்னே நிற்கும் நாடு! என் மாமாவின் பென் டிரைவைப் பார்த்துச் சிரித்ததற்கு அன்றைக்குக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். தீபாவளி வரைக்குமாவது அவரிடம் இருந்ததே.

ஆக, கிளவுடில் வையுங்கள். கூடவே ஒரு காப்பி கையிலும் வையுங்கள். எந்தச் சந்தாவிலும் சேர்வதற்கு முன்னால் கேட்கவேண்டிய ஒரே கேள்வி, ``என் டேட்டா முழுசையும் எக்செல் மாதிரி ஒரு சாதாரண ஃபைலா, நானே, எப்போ வேணும்னாலும் எடுத்துக்கலாமா?'' பதில் சுத்தி வளைச்சு வந்தால், அடுத்த கடையைப் பாருங்கள்.

ஓடிபி யாருக்கு வருது?

இது உங்களுக்கான வேலை, ப்ரோ. பெரியவர்கள் கவனிக்காத இடம். சின்ன கம்பெனிகளில் கிளவுட் அக்கவுன்ட்டை யார் ஆரம்பிக்கிறார்கள்? பெரும்பாலும் அங்கே வேலை பார்க்கிற கணக்குப்பிள்ளையோ, கம்ப்யூட்டர் சர்வீஸ் பையனோ. தன்னுடைய ஜிமெயிலில், தன் போன் நம்பரைப் போட்டு. நல்ல எண்ணத்தில்தான். ஒரு வருஷம் கழித்து அவருக்குத் திருப்பூரில் நல்ல வேலை கிடைக்கும், போய்விடுவார். அதோடு சாவியும் போய்விடும்.

மாமா பட்டறையில் நாங்கள் கிளவுடுக்கு மாறின அஞ்சாவது மாசம் சரியாக இதுவே நடந்தது. லாகின் செய்தால், ஓடிபி திருப்பூரில் ஒருவர் பாக்கெட்டில் போய் விழுகிறது. அவர் நல்ல மனுஷர். டீ பிரேக்கில் போன் எடுத்து நம்பர் சொன்னார். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால்?

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டு கம்பெனியின் மெயில், கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி போர்ட்டல் ஒவ்வொன்றிலும் ரெக்கவரி நம்பர் யாருடையது என்று பாருங்கள். முதலாளியின் பெயரில் ஒரு மெயில், அவர் நம்பர், இரண்டாவதாக வீட்டில் இன்னொருவர் நம்பர். வேலைக்கு வருகிறவருக்குத் தனி லாகின், அவருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி. பாஸ்வேர்டு தவிர இரண்டாவது சரிபார்ப்பும் ஆன் ஆகியிருக்கட்டும். காலண்டர் பின்னால் பாஸ்வேர்டு எழுதி மாட்டியிருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

மாமா பட்டறையில் இப்போது மாசத்தின் முதல் சனிக்கிழமை அத்தை மகள் எல்லாவற்றையும் எக்செல்லாக இறக்கி ரெண்டு ஹார்ட் டிஸ்கில் போடுகிறாள். ஒன்று பட்டறையில், இன்னொன்று வீட்டு பீரோவில். மாமாவுக்கு `கிளவுட்' என்கிற பேர் இன்னும் பிடிக்கவில்லை. ``நம்மூருக்கு மேகம் எப்பவும் வாளையார்ப் பக்கமிருந்துதான் வரும். வந்தா மழை பேயணும். இது என்ன மேகம், மாசாமாசம் காசு கேக்குது'' என்பார்.

போன மாசம் அவர் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்குப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தார். மதியம் என் போன் அடித்தது. நடுவில் ஏதோ லாகின் பிரச்னை போல என்று நினைத்து, வேலையை விட்டுவிட்டு எடுத்தேன்.

``கண்ணு, போன வருஷம் அந்த ஃபிளாஞ்சுக்கு என்ன ரேட் போட்டோம்னு கேக்கலாம்னு கூப்பிட்டேன்.''

``இருங்க மாமா, பாத்துச் சொல்றேன்.''

``வேண்டாம், வேண்டாம். போன்லயே வந்துடுச்சு. நீ வை.''